மூங்கில் குத்துன கண்ணு

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க சார். எனக்குப் பழகுன ரோடு, பாக்க ஒண்ணுமில்ல. மொதத் தடவையா மலை ஏறுறீங்க? பள்ளிக்கூடத்துக்கா? ஓ, வாத்தியாரு. நல்லது. வர்ற வாத்தியாருங்க எல்லாம் மூணு மாசத்துல மாத்தல் வாங்கிட்டு எறங்கிடுவாங்க. நீங்க இருப்பீங்களோ என்னமோ.

என்ன கேட்டீங்க? வில்லா? யாரு சொன்னா உங்களுக்கு? டீக்கடையிலயா. கள்ளக்குறிச்சிக்காரங்களுக்கு எங்க மலையப் பத்திப் பேசலைன்னா டீ எறங்காது. இப்ப யாரும் வில்லெடுத்துக் காட்டுக்கோழி அடிக்கிறதில்ல சார். காட்டிலாகாக்காரங்க சும்மா விடுவாங்களா? ஒரு றெக்கை கையில இருந்தாலே கேஸு. அதனால இது நான் சொன்னதா நீங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது. பழைய கதை. பதினோரு வருசம் ஆச்சு.

ஆனா சரியான ஆளுகிட்டத்தான் கேட்டிருக்கீங்க. எங்க பக்கத்துல வில்லுன்னா ரெண்டே பேரைத்தான் சொல்லுவாங்க. ஒண்ணு எங்கண்ணன் கரியராமன். இன்னொண்ணு நான், தீர்த்தன். அவரு பேரைச் சொல்லி கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் என் பேரைச் சொல்லுவாங்க. சில பேரு கழிச்சும் சொல்ல மாட்டாங்க. அது கெடக்கட்டும்.

அவரைப் பாத்துட்டுத்தான் இப்ப வர்றேன். கீழ கண்ணாஸ்பத்திரியில படுத்திருக்காரு. ஒரு கண்ணு பதினோரு வருசம் முன்னாடியே போச்சு. இன்னொண்ணு இப்பப் போயிட்டிருக்கு. பாக்கப் போனேன் சார், கூடப் பொறந்தவன் பாக்காம யாரு பாப்பா? போன எடத்துல என்னைய ஒரு கேள்வி கேட்டாரு. அந்தக் கேள்விய நெனச்சா வயிறு எரியுது. சொல்றேன். மொதல்லேருந்து சொன்னாத்தான் உங்களுக்கு நியாயம் தெரியும்.

காட்டுக்கோழி அடிக்கிறது எப்படின்னு தெரியுமா? நீங்க நெனைக்கிற மாதிரி பின்னாலயே ஓடிப்போயி அடிக்கிறதில்ல. கோழி மனுசன் நெழலைப் பாத்தாலே பறந்துரும். அதைக் கூப்புட்டு வரவைக்கணும். வெடியக்காலம் பொழுது கிளம்புற நேரத்துக்கு ஒரு புதருக்குள்ள போய் உக்காந்து, சேவல் மாதிரியே சத்தம் குடுக்கணும். கையை இப்படிக் குவிச்சு, வாயோரத்துல வச்சு. குக்-காயா-காயா-குக். எனக்கு சரியா வராது. அண்ணன் குடுத்தாருன்னா, அந்தப் பள்ளத்துல இருக்கிற சேவலுக்கு ரோசம் வந்துரும். எவன்டா அது என் எடத்துலன்னு கழுத்து முடியச் சிலுப்பிக்கிட்டு நேரா சண்டைக்கு வரும். அப்ப மறைஞ்சு நிக்கிறவன் அம்பை விடணும்.

கோழிக்குன்னு தனி அம்பு. முனையில இரும்பு கிடையாது. சின்ன வெங்காயம் கணக்கா உருண்டையா மரத்துலயே செதுக்கி இருக்கும். மொட்டை அம்புன்னு சொல்லுவோம். அடிச்சா கோழி மயங்கி விழும், கறி கிழியாது, செடியில போய்ச் சிக்காது. இரும்பு போட்டது பன்னிக்கு. கோழிக்கு இரும்பு போட்டா அண்ணனுக்குப் பிடிக்காது. "குருவியக் கோடாலியால வெட்டுறியாடா?"ம்பாரு. எல்லாத்துக்கும் ஒரு பேச்சு வச்சிருப்பாரு சார். சிரிக்கச் சிரிக்கத்தான் பேசுவாரு. யாரைப் பத்திச் சொல்றாரோ அவனைத் தவிர எல்லாரும் சிரிப்பாங்க.

அந்த வருசம் பொங்கலு. எங்க ஊர்ல மூணாம் நாளு எல்லா ஆம்பளையும் வேட்டைக்குப் போவோம். அன்னைக்கு என் மாமனாரு, ரெண்டு மச்சினங்க எல்லாம் அவங்க ஊர்லேருந்து வந்திருந்தாங்க. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருசம். புது மாப்ளை. வில்லை எடுத்துக்கிட்டு முன்னாடி நிக்கிறேன். கோழி வந்து ஒரு கல்லு மேல நின்னுச்சு சார், படத்துல நிக்கிற மாதிரி. விட்டேன். தவறிப்போச்சு. அது நகரவே இல்ல. ரெண்டாவது விட்டேன். அதுவும் தவறிப்போச்சு. அது ஒரு தடவ என்னையத் திரும்பிப் பாத்துட்டுத்தான் பறந்துச்சு. பறக்கும்போது அண்ணன் ஒரு அம்பு விட்டாரு. பறந்துக்கிட்டிருக்கிற கோழி, சார். விழுந்துருச்சு.

விழுந்ததோட விட்டிருக்கலாமில்ல? ஊரு மொத்தமும் நிக்குது. என் மாமனாரு நிக்கிறாரு. இவரு சொல்றாரு: "தம்பி அம்பு பட்டுக் கோழி சாகாது. சிரிச்சுச் சிரிச்சுத்தான் சாகணும்."

எல்லாரும் சிரிச்சாங்க. என் மச்சினன் வயித்தப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டான். நானும் சிரிச்சேன் சார். நான் அதெல்லாம் மனசுல வச்சுக்கிற ஆளில்ல. அன்னைக்கே மறந்துட்டேன். சாப்பிடும்போது என் பொண்டாட்டி தலையக் குனிஞ்சுக்கிட்டே பரிமாறுனா, அதைக்கூட நான் கண்டுக்கல. மறுநாளு கெழங்கு பிடுங்குற பொம்பளைங்க, "தீர்த்தா, கோழியச் சிரிக்க வைக்கிறியாமே"ன்னு கேட்டாங்க. அதுக்கு மறுநாளு தண்ணி எடுக்கிற எடத்துல. அதையும் கண்டுக்கல.

எட்டு நாளு கழிச்சு அண்ணனே வந்தாரு வீட்டுக்கு. "கிளம்புடா. இன்னைக்கு நான் கூப்புடுறேன், நீ அடி. அடிச்சுக் கொண்டுபோயி உன் பொண்டாட்டி கையில குடு"ங்கிறாரு. பாத்தீங்களா? பேசுறதையும் பேசிட்டு அப்புறம் பிச்சை போடுற மாதிரி. எனக்குப் போக மனசே இல்ல. ஆனாப் பெரியவரு வந்து கூப்புடும்போது எப்படி மாட்டேங்கிறது? கிளம்பிட்டேன்.

கிளம்பும்போது தூணோரமா மொட்டை அம்பும் சாத்தியிருந்துச்சு, பன்னி அம்பும் சாத்தியிருந்துச்சு. ரெண்டுலயும் எடுத்துக்கிட்டேன். அவசரத்துல எடுத்ததுதான். மொட்டை அம்பு எனக்குக் காத்துல அலையும். இரும்பு போட்டது நேராப் போகும். அதனால ஒண்ணு இருக்கட்டுமேன்னு. அவ்வளவுதான். அண்ணன்கிட்டச் சொல்லல. சொன்னா அதுக்கும் ஒரு பேச்சு வரும்.

எங்க ஊருக்கு மேல ஒரு பள்ளம் இருக்கு, ரெண்டு பக்கமும் உன்னிச்செடி அடர்ந்து கெடக்கும். அவரு ஒரு புதருக்குள்ள போய் உக்காந்தாரு. நான் இந்தப் பக்கம் ஒரு பாறைக்குப் பின்னால. நடுவுல இருபது இருபத்தஞ்சு அடி இருக்கும். உள்ள போறதுக்கு முன்னாடி, "நான் ஒரு தடவ கையத் தட்டுவேன். அதுக்கு முன்னாடி விட்டுராதடா"ன்னாரு. சரின்னேன்.

கூப்புட்டாரு. பள்ளத்துலேருந்து ஒரு சேவல் பதில் குடுத்துச்சு. மறுபடி கூப்புட்டாரு. அது இன்னும் கிட்ட வந்து பதில் குடுத்துச்சு. இப்படியே மாத்தி மாத்தி. என்ன ஆயிப்போச்சுன்னா, கொஞ்ச நேரத்துல எது அண்ணன், எது சேவல்னு எனக்குப் புரியல. நெசமாத்தான் சொல்றேன். அவ்வளவு அச்சா இருக்கும் அவரு குரலு. அப்படிக் கூப்புட்டா எதுக்க நிக்கிறவன் என்ன பண்ணுவான், சொல்லுங்க? அதுல அவரு மேலயும் தப்பு இருக்கா இல்லையா?

செடி அசைஞ்சுச்சு. சத்தம் வந்துச்சு. கை தட்டுனாரா? தட்டுன மாதிரி எனக்குக் கேட்டுச்சு. விட்டுட்டேன்.

தொப்புன்னு ஒரு சத்தம். "விழுந்துருச்சுண்ணே! விழுந்துருச்சு!"ன்னு கத்துனேன். குதிச்சேன் சார். எங்க ஊருக்கே கேட்டிருக்கும்.

செடியை விலக்கிக்கிட்டு அண்ணன் எந்திரிச்சாரு. எடது கண்ணைக் கையால பொத்தியிருக்காரு. விரலு நடுவுல அம்பு. அம்பை இன்னொரு கையால பிடிச்சிருக்காரு, ஆடாம இருக்கிறதுக்கு. கத்தல. அழல. நான்தான் அழுதேன். "இருடா, இருடா"ன்னாரு. எனக்கு ஆறுதல் சொல்றாரு சார், கண்ணுல அம்போட. அப்புறம் அவரே அதைப் பிடிச்சு இழுத்துட்டாரு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

கையிலிருந்த அம்பைத் தடவிப் பாத்தாரு. முனையை. மொட்டையா இரும்பான்னு பாத்தாருன்னு நெனைக்கிறேன். எங்கிட்ட நீட்டி, "தூரப் போட்டுட்டு வா. வில்லை எங்கயாவது ஒளிச்சு வை. கேட்டா மூங்கில் கொம்பு குத்திருச்சுன்னு சொல்லு"ன்னாரு. "எதுக்குண்ணே?"ன்னேன். "ஆஸ்பத்திரியில அம்புன்னா போலீசு வரும், காட்டிலாகா வரும். உன் பொண்டாட்டிக்கு ஏழாவது மாசம். நீ உள்ள போயிட்டா யாருடா பாப்பா?" அப்படின்னாரு.

நான் கேட்டனா அவரை? சொல்லுங்க. என்னையக் காப்பாத்துங்கன்னு நான் கேட்டனா? அவரா முடிவு பண்ணாரு. எப்பவும் அப்படித்தான், எல்லாத்தையும் அவரே முடிவு பண்ணுவாரு.

அம்பைப் பள்ளத்துல வீசுறதுக்கு முன்னாடி நானும் ஒரு தடவ பாத்தேன். முனை கொஞ்சம் கொறைஞ்சிருந்த மாதிரி இருந்துச்சு. மாதிரிதான். ரத்தமும் மண்ணுமா இருந்துச்சு, சரியாத் தெரியல. முன்னாடியே பாறையில பட்டு ஒடைஞ்சிருந்தாலும் ஒடைஞ்சிருக்கும்.

கண்டக்டர் பாருங்க, சில்லறை இல்லைன்னா அப்புறம் தர்றேங்கிறாரு. இருக்கட்டும்யா, எறங்கும்போது குடு.

எங்க விட்டேன்? ஆங். நாலு மைலு நடந்தே எறங்குனோம், அண்ணன் கண்ணை மூடித் தலையோட துண்டைச் சுத்திக்கிட்டு. அங்கேருந்து ஒரு ஜீப்பு. கீழ ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரு, வயசானவரு. மூங்கில்னதும் அண்ணனை ஒரு மாதிரி பாத்தாரு. அப்புறம் என்னையத் தனியாக் கூப்புட்டாரு. "தம்பி, நான் போலீசு இல்ல. எனக்கு ஒண்ணு மட்டும் தெரிஞ்சாப் போதும். குத்துனது மரமா, இரும்பா? இரும்புன்னா வேற வைத்தியம். உள்ள ஏதாவது தங்கியிருந்தா எடுத்தாகணும். உண்மையச் சொல்லு"ன்னாரு.

நான் மூங்கில்னு சொன்னேன்.

பின்ன? அண்ணன் ஒண்ணு சொல்லி வச்சிருக்காரு. நான் போய் மாத்திச் சொன்னா அவரைப் பொய்க்காரர் ஆக்குன மாதிரி ஆகாதா? பெரியவங்க வார்த்தையை மீறிப் பழக்கமில்ல சார் எனக்கு. "நல்லா யோசிச்சுச் சொல்லு"ன்னாரு டாக்டரு. "மூங்கில்தாங்க, நான் பக்கத்துலயே நின்னேன்"னேன். சரின்னு போயிட்டாரு. புண்ணு ஆறுச்சு. கண்ணு மட்டும் வெள்ளையாப் போச்சு. கண்ணை எடுத்துரலாமான்னு கூட ஒரு பேச்சு வந்துச்சு. மூங்கில்தானே, ஆறிருச்சே, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டாங்க.

ஊருக்கு வந்தோம். ஊரு என்ன பேசுச்சு தெரியுமா? "கரியராமனுக்குப் பறக்கிற கோழி தெரியுது, நிக்கிற மூங்கில் தெரியல." இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. அத்தனை பேரைச் சிரிக்க வச்ச மனுசன், அவரை வச்சு எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் கூடச் சேந்து சிரிச்சாரு. நானும் அங்க இருந்தேன். நான் சிரிக்காம இருந்தா சந்தேகம் வருமில்ல.

அடுத்த பொங்கலுக்கு மொத அம்பு என்னைய விடச் சொன்னாங்க. அந்த வருசம் எனக்குக் கோழி விழுந்துச்சு. அதுக்கப்புறம் நாலு வருசம், காட்டிலாகா வந்து நிறுத்துற வரைக்கும், நான்தான் மொத அம்பு. அண்ணன் வேட்டைக்கு வர்றதில்ல. சரி, ஒத்தைக் கண்ணு, அடிக்க முடியாது. கூப்புடவாவது செய்யலாமில்ல? தொண்டைக்கு என்ன வந்துச்சு? ஊர்ப் பெரியவங்களே போய்க் கேட்டாங்க. "மறந்துபோச்சு"ன்னுட்டாரு. அது மறக்கிற விசயமா? வேணும்னே பண்றதுதான். அவரு கூப்புடாததனால எத்தனை நாளு நான் வெறுங்கையோட வந்திருக்கேன் தெரியுமா?

நான் அவருக்கு எவ்வளவு செஞ்சிருக்கேன். அவரு காட்டுல சாமை விதைச்சது யாரு? நான். கூரை மாத்துனது யாரு? நான். பொண்ணு கல்யாணத்துக்கு நாலு நாளு அடுப்படியிலயே நின்னேன். எங்க அண்ணி மங்காயி, அதெல்லாம் வாங்கிக்கும், ஆனா மூஞ்சியில ஒரு சிரிப்பு இருக்காது. "தம்பி, சாப்பிட்டுப் போங்க"ன்னு சொல்லும். வாயிதான் சொல்லும்.

அண்ணன் இருக்காரே, பதினோரு வருசத்துல ஒரு வார்த்தை சார். ஒரே ஒரு வார்த்தை என்னையத் திட்டல. ஏன்டா இப்படிப் பண்ணேன்னு கேக்கல. நீங்களே சொல்லுங்க, அது நல்ல மனசா? திட்டியிருந்தா, ரெண்டு அறை விட்டிருந்தா, நானும் கால்ல விழுந்திருப்பேன், முடிஞ்சு போயிருக்கும். நான் வாசல்ல காலை வச்சதும், "வாடா தீர்த்தா"ன்னு சிரிப்பாரு, அந்த வெள்ளைக் கண்ணும் சேந்து என்னையப் பாக்கும். எனக்குச் சோறு எறங்குமா? மனுசனை இதைவிட எப்படிக் கொடுமைப்படுத்துறது?

போன மாசம் நல்ல கண்ணு மங்க ஆரம்பிச்சுச்சு. மொதல்ல வெளிச்சம் கூசுதுன்னாரு. அப்புறம் ஆளு தெரியலைன்னாரு. அண்ணி கீழ பெரிய கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போச்சு. அங்க ஏதோ மிசின்ல வச்சுப் பாத்திருக்காங்க. செத்த கண்ணுக்குள்ள இரும்புத் துண்டு. அரிசி நொய்யி அளவு.

அண்ணி எனக்குப் போன் பண்ணுச்சு. "தம்பி, அன்னைக்கு நீங்கதான கூட இருந்தீங்க? இங்க டாக்டரம்மா என்னென்னமோ கேக்குறாங்க. இவரு மூங்கில் மூங்கில்னே சொல்றாரு. நீங்க வந்து சொல்லுங்க"ன்னுச்சு. கொரலு சாதாரணமாத்தான் இருந்துச்சு. நேத்து மழை, வண்டி இல்ல. இன்னைக்குக் காலையில கிளம்பிப் போனேன்.

டாக்டரம்மா சின்ன வயசு. அண்ணன் பொண்ணை விட நாலஞ்சு வயசு கூட இருக்கும். என்னைய நிக்க வச்சுக் கேக்குது. "மூங்கிலுக்குள்ள இரும்பு எப்படிங்க வந்துச்சு?" அண்ணன் கட்டில்ல படுத்திருக்காரு. ரெண்டு கண்ணுலயும் பஞ்சு வச்சுக் கட்டியிருக்கு. அண்ணி தலைமாட்டுல நிக்குது. நான் யோசிச்சேன். "வேலி மூங்கில் அது. வேலிக்கு ஆணி அடிப்போம். அந்த ஆணியா இருக்கும்"னேன்.

டாக்டரம்மா ஒரு பெருமூச்சு விட்டுச்சு. "ஆணியோ என்னமோ. இரும்புன்னு அன்னைக்கே ஒருத்தர் சொல்லியிருந்தா அதை எடுத்திருப்பாங்க. இல்ல, அந்தக் கண்ணையே எடுத்திருப்பாங்க. இந்தக் கண்ணுக்கு வந்திருக்காது. கெட்டுப்போன கண்ணு நல்ல கண்ணையும் சேத்துக் கெடுத்திருச்சு. மருந்து குடுக்குறோம். ரொம்ப நம்பிக்கை வச்சுக்காதீங்க"ன்னுச்சு. சொல்லும்போது என்னையப் பாத்தே சொல்லுது. அந்த வார்டுல எட்டுப் பேரு இருந்தாங்க சார், வேற யாரையும் பாக்கல.

அந்தம்மா போனதும் அண்ணி என்கிட்டக் கேட்டுச்சு. "தம்பி, அன்னைக்கு நீங்க போனது காட்டுக்குத்தான?" ஆமான்னேன். "காட்டுல யாரு வேலி போட்டா?"

நான் பதில் சொல்றதுக்குள்ள அண்ணன் சொல்றாரு, "விடு மங்காயி. ஆணிதான். எனக்கு ஞாபகம் வந்துருச்சு"ன்னு. அண்ணி அவரைப் பாத்துச்சு. கண்ணைக் கட்டியிருக்கிற மனுசன் அந்தப் பக்கம் சொவத்தைப் பாத்துக்கிட்டுச் சொல்றாரு, நான் அந்தப் பக்கம் நிக்கிறேன்னு நெனச்சுக்கிட்டு. அண்ணி சத்தம் போட்டிருந்தா நானும் ரெண்டு கேட்டிருப்பேன், பதினோரு வருசமா யாரு உங்களுக்கு மாடு மாதிரி ஒழைச்சான்னு கேட்டிருப்பேன். அது பிளாஸ்கை எடுத்துக்கிட்டு வெந்நி வாங்கப் போயிருச்சு. போகும்போது என் மேல படாம ஒதுங்கிப் போச்சு சார். வழியில ஈரத்துணி கெடந்தா காலு படாம தாண்டுவோமில்ல, அது மாதிரி.

நானும் அவரும் மட்டும் இருந்தோம். "தீர்த்தா"ன்னாரு. "இங்கதாண்ணே இருக்கேன்"னேன். "கிட்ட வா"ன்னாரு. போயி கட்டில்ல உக்காந்தேன். கையைத் தடவித் தேடி, என் கையப் பிடிச்சாரு. அந்தப் பக்கத்துக் கட்டில்காரரு ரேடியோவைச் சத்தமா வச்சிருந்தாரு. அதனால என் காதுகிட்ட வந்து கேட்டாரு.

"அன்னைக்கு நீ கோழியப் பாத்தியாடா?"

எனக்கு மொதல்ல வெளங்கல. "எந்தக் கோழிண்ணே?"ன்னேன். "நான் கை தட்டல. சேவல் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வேற ஒரு பாறை மறைவுல நின்னுச்சு. என் புதருகிட்ட வரவே இல்ல. நீ என் பக்கம் விட்டியே. கோழியப் பாத்துத்தான விட்ட?"ன்னாரு.

பாத்தீங்களா சார்? பதினோரு வருசம்! பதினோரு வருசம் இதைத்தான் மனசுல வச்சுக்கிட்டு, "வாடா தீர்த்தா, வாடா தீர்த்தா"ன்னு சிரிச்சிருக்காரு! நான் அவரு காட்டுல விதைச்சப்பவும் இதைத்தான் நெனச்சிருக்காரு. கூரை மேல ஏறுனப்பவும் கீழ நின்னு இதைத்தான் நெனச்சிருக்காரு. கூடப் பொறந்தவனைப் பாத்து ஒரு அண்ணன் கேக்குற கேள்வியா இது? ஒரு சிரிப்புக்காகவா நான்... சொல்லுங்க. எங்க வம்சத்துல எவனாவது அப்படி இருக்கானா?

ஆனா பதில் சொன்னேன். "பாத்தேண்ணே"ன்னேன்.

"சேவலா, பொட்டையா?"ன்னாரு.

"சேவலுண்ணே. பெரிய சேவலு."

அவரு என் கைய விடல. கட்டைவெரலால என் வெரலைத் தேச்சுக்கிட்டே இருந்தாரு, நாணு இழுத்துக் காய்ச்சிருக்கிற எடத்தை. அப்புறம், "அப்பச் சரி"ன்னாரு. கைய விட்டுட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு.

அப்பச் சரின்னா என்ன சார் அர்த்தம்? நீங்க படிச்சவரு, சொல்லுங்க. நம்புனாருங்கிறதா, நம்பலைங்கிறதா? நானும் கள்ளக்குறிச்சியிலேருந்து இதையேதான் யோசிச்சுக்கிட்டு வர்றேன். திரும்பிப் படுத்தவரு தூங்குனாரா, முழிச்சிருந்தாரா, அதுவும் தெரியல. கண்ணைக் கட்டியிருக்கிறவரைப் பாத்து எப்படிச் சொல்றது? அண்ணி வெந்நியோட வர்ற வரைக்கும்கூட நான் இருக்கல. படி எறங்கி வந்துட்டேன்.

இந்தா, அடுத்த வளைவுல எங்க ஊரு. நீங்க இன்னும் அரை மணி நேரம் போகணும். யோவ் கண்டக்டரு, நிறுத்துய்யா, எறங்கணும்.

ஏன் சார் அப்படிப் பாக்குறீங்க? நீங்களும் கேக்குறீங்களா? பாத்தேன் சார். செடி அசைஞ்சுச்சு. செவப்பா ஏதோ தெரிஞ்சுச்சு. அண்ணன் தலையில கட்டியிருந்த துண்டும் செவப்புதான், இல்லைங்கல. ஆனா சேவலுக்குக் கொண்டையும் செவப்புத்தான சார்?